எட்டு ரூபாய்த் தோசை

கோவில்பட்டியில் டுடோரியல் நடத்தும் குலசேகரனுக்கு, அடக்கவிலைக் கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. ஒருநாள் மாணவர்கள் நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த செண்பகவல்லியின் தோசைக்கடை முன்னால் வந்து நின்றார்.

"யம்மா, உன் கடை வாடகை, கூலி எல்லாம் முதல் தோசையோட தீர்ந்துபோச்சு. அடுத்த தோசைக்கு மாவு, எண்ணெய், கேஸ்தான் செலவு. மொத்தம் எட்டு ரூபாய். எனக்கு அந்த அடுத்த தோசையைக் கொடு. வழக்கமான நாற்பது ரூபாய்தான் வேணும்னா, ஏன்னு இவங்க முன்னாடி சொல்லு!"

செண்பகவல்லி மாவை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "நியாயந்தான் சார். உங்க வகுப்புல கூடுதலா ஒரு பிள்ளை வந்து உக்காந்தா எவ்வளவு செலவாகும்?"

பாடம் எடுக்கிற வேகத்தில் அவர் முழங்கினார். "ஒரு சாக்பீஸ் துண்டுகூட ஆகாது!"

"அப்ப நாளைக்கு முதல்ல நுழையிற பிள்ளை ஃபீஸ் கட்டட்டும். மத்த பிள்ளைங்க சும்மா வரட்டும்."

மறுநாள் டுடோரியல் வாசலில் நாற்பது பேரும் "நீ முதல்ல போ, நீ முதல்ல போ" என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மணி பத்தாகியும் ஒருத்தர்கூட உள்ளே போகவில்லை.

குலசேகரன் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். "யம்மா, பொதுச் செலவை எல்லார் தலையிலயும் சமமாத்தான் வைக்கணும்னு நீயே வந்து சொல்லும்மா!"

"வாரேன் சார். ஆனா ஒரு மணி நேரம் அடுப்பை அணைச்சா அறுபது தோசை போயிரும். தோசைக்கு முப்பத்திரண்டு ரூபாய் வீதம் எடுத்து வைங்க. ஊத்தாத தோசைக்கு உங்க எட்டு ரூபாயை நானே கழிச்சிட்டேன்."