பெருக்காத மூன்று நாள்

மேலக்காடு ஜமீன்தார் உக்கிரபாண்டியருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. ஆனால் அவர் அரண்மனைக்கு நாற்பது அறை. உத்திரமெல்லாம் உளுத்துவிட்டது. மாற்றலாம் என்றால் மலையில் தேக்கு மிச்சமில்லை. இருந்த தேக்கெல்லாம் இந்த அரண்மனைக்குள்தான் வந்து உளுத்துக் கிடந்தது.

"சின்னதா ஒரு வீடு கட்டுங்க. ஆனா நான் புழங்குற எதுவும் குறையக் கூடாது" என்றார். கொலு மண்டபம் வேண்டும், விருந்து மண்டபம் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, இஞ்சினியர்கள் போட்ட பிளான் ஒவ்வொன்றும் முப்பது அறையில் வந்து நின்றது.

பெருக்கிக்கொண்டிருந்த மாடத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியா? நாலாம் நாள் நீ பிளானோட வந்து நிக்கணும். இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணிட்டு ஊரை விட்டே போயிரு."

"சரிங்க எசமான். ஆனா மூணு நாளும் நான் பெருக்க மாட்டேன்."

ஆடிக் காற்று வீசியது. அரண்மனை முழுக்கச் செம்மண் புழுதி படிந்தது.

நாலாம் நாள் மாடத்தி அவரைக் கூட்டிக்கொண்டு எல்லா அறையையும் சுற்றினாள். அவருடைய மிதியடித் தடம் படுக்கையறையிலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போயிருந்தது. அங்கிருந்து, வேப்பமரத்துக் காற்று வரும் மேற்குத் தாழ்வாரத்துக்குப் போயிருந்தது. மண்டபங்களில் புழுதி கலையவே இல்லை.

"இதுதாங்க பிளான். ரெண்டு அறை, ஒரு தாழ்வாரம்."

ஜமீன்தார் விரலை மடக்கி அறைகளைக் கணக்குப் போட்டார்.

"அப்போ மிச்ச முப்பத்தெட்டு அறையில இத்தனை வருஷமா யாரு இருந்தது?"

"நான்தாங்க எசமான். துடைப்பத்தோட."