கரடியின் பிடியும் கழலாத பில்டரும்

ஒரு காட்டில் மல்லன் என்று ஒரு கரடி இருந்தது, பிள்ளைகளே. பலத்துக்குப் பேர் போன கரடி. பலாப்பழத்தை வெறுங்கையால் பிளந்துவிடும். அதனிடம் ஒரு பழைய கேமராவும் இருந்தது.

மல்லனின் உயிர்த்தோழி செங்காலி என்ற நாரை. ஏரி வற்றிவிட்டதால் அன்று மாலையே அது தன் கூட்டத்தோடு தூரதேசம் கிளம்ப வேண்டும். போகுமுன் தோழியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள மல்லனுக்கு ஆசை. அந்த முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது என்று அது ஏங்கியது.

கேமராவை எடுத்துப் பார்த்தால், லென்ஸின் முன்னால் திருகி மாட்டியிருந்த பில்டர் என்ற வட்டக் கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கப் பூஞ்சை! நாரையும் தெரியவில்லை, நாணலும் தெரியவில்லை. எல்லாம் ஒரே புகைமூட்டம்.

"இவ்வளவுதானே! கழற்றித் துடைச்சாப் போச்சு" என்றது மல்லன்.

பில்டரின் வளையத்தை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துத் திருகியது. அசையவில்லை.

"என்கிட்டயேவா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கியது. ம்ஹூம்!

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த குரங்கு துடுக்கனால் சும்மா இருக்க முடியுமா? "அண்ணே, பிடி பத்தலை. நல்லா அமுக்குங்க! இல்லேன்னா கல்லால ஒரு போடு போடட்டுமா?"

"கேமராவைத் தொட்டே, தொலைஞ்சே!" என்று உறுமிய மல்லன், கை சிவக்கச் சிவக்க அமுக்கியது. வளையம் இன்னும் கெட்டியாகிவிட்டது.

பொழுது சாய்ந்தது. நாரைக்கூட்டம் குரல் கொடுத்தது.

"விடுங்கண்ணா, படம் இல்லாட்டிப் போகுது. என்னைக் கூப்பிடுறாங்க" என்றது செங்காலி.

மல்லனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேமராவை மடியில் போட்டு, பில்டரின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்து, ஆற்றாமையோடு தடவியது. வளையம் இம்மியளவு சுற்றியது!

"ஆ, வருது!" என்று பாய்ந்து பிடித்தது. மறுபடியும் இறுகிவிட்டது.

"அமுக்காதீங்கண்ணா!" என்று கத்தியது செங்காலி. "நீங்க அமுக்கினா வட்டம் நசுங்கி முட்டை மாதிரி ஆயிடுது. நசுங்கினது எப்படிச் சுத்தும்? முன்ன மாதிரி சும்மா தடவுங்க."

மல்லன் பிடியைத் தளர்த்தியது. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெல்லச் சுழற்றியது. பில்டர் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. துடுக்கன் வாயைப் பிளந்தது.

"எங்கே, கொஞ்சம் சிரி!" என்று கேமராவைத் தூக்கியது மல்லன்.

"அலகை வெச்சுக்கிட்டு எப்படிண்ணா சிரிக்கிறது?"

கிளிக்!

செங்காலி சிறகை விரித்தது. போகாதே என்று கட்டிப்பிடிக்கப் பாய்ந்த மல்லன், பாதியில் நின்றுவிட்டது. பிறகு உள்ளங்கையை மட்டும் அதன் முதுகில் மெல்ல வைத்தது.

"பத்திரமாப் போயிட்டு வா, தங்கச்சி."

"வந்துடுவேண்ணா" என்று சொல்லிவிட்டுப் பறந்தது செங்காலி.

நீதி: இறுக்கினால் முரண்டு பிடிப்பது, இதமாகத் தொட்டால் இணங்கி வரும்.