நிற்பவர் சொல்லும் சேதி

ஞானாம்பிகை அம்மாளின் குருநாதர் தஞ்சாவூரில் கடைசி மூச்சில் இருந்தார். சேதி வந்ததும் அம்மாள் புறப்பட்டார். காரை ஓட்டியவர் சோணைமுத்து. லாரி ஓட்டி ஓய்ந்தபின் அம்மாளிடம் சீடராக வந்து சேர்ந்தவர். வயதில் அவரைவிட மூத்தவர்.

புதுக்கோட்டையைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு டேங்கர் சாலையின் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. திரும்ப வழியில்லாமல் பின்னாலும் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன.

“மேப்புல நீலமாத்தானே அம்மா இருந்துச்சு!” சோணைமுத்து செல்போனைக் காட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு சிவந்தது. “இப்பக் காட்டுது பாருங்க. இதுக்கு யார் போய்ச் சொன்னது?”

“நாமதான்.”

“நான் வாயே திறக்கலையே?”

“உங்க போன் நகராம நிக்குது. முன்னாடி இருக்கறவங்க போனும் நிக்குது, பின்னாடி இருக்கறவங்க போனும் நிக்குது. அத்தனையும் நிக்கறதை வச்சு அது தெரிஞ்சுக்குது.”

சோணைமுத்து ஸ்டியரிங்கைத் தடவியபடி இருந்தார்.

“எங்க காலத்துல மனுஷன் சொல்லுவான் அம்மா. இதே ரோடுதான். ஐப்பசி மழை. வலி எடுத்த சம்சாரத்தை லாரியிலேயே ஏத்திக்கிட்டு வந்தேன். எதிர்ல ஒரு லாரிக்காரர் லைட்டை அணைச்சு அணைச்சுப் போட்டார். நிறுத்தினேன். ‘தரைப்பாலத்துல வெள்ளம் போகுதுப்பா. நானே திரும்பிட்டேன். நீ சுத்திப் போயிரு’ன்னார். வாய் நிறைய வெத்தலை. அந்தக் குரல் இன்னும் காதுல கேக்குது. மகன் ஆஸ்பத்திரியில நல்லபடியாப் பொறந்தான். அவர் பேரைக்கூட நான் கேக்கலை.”

“அவர் போக நினைச்ச இடத்துக்குப் போனாரா?”

சோணைமுத்து இதுவரை அதை யோசித்ததில்லை.

“போயிருக்க மாட்டார் அம்மா. அன்னைக்கு அந்தப் பக்கம் யாராலயும் போக முடியலை.”

அம்மாளின் போன் ஒலித்தது. குருநாதரின் மடத்திலிருந்து பேசினார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் “சரி” என்றார்.

“அம்மா?”

“அடங்கிட்டார்.”

வெயில் கண்ணாடியில் அடித்தது. யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். சோணைமுத்துவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“முகத்தைக்கூடப் பார்க்க விடலையே! இனி இது எதுக்கு?” செல்போனை அணைக்கப் போனார்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாள் அவர் கையைப் பிடித்தார்.

“அணைக்காதீங்க ஐயா. பின்னால வர்ற யாரோ ஒருத்தர் இன்னும் போய்ச் சேர வேண்டியிருக்கு.”