சருகுக்கடியில் ஒரு முள்

ஒரு காட்டில், பலாமரத்தடியில், ஓர் இளங்கரடிக்கு மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் குரங்கு. எதைப் பார்த்தாலும் அதேபோல் செய்து காட்டாமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. கரடி தொண்டையைப் பிடித்தது. குரங்கும் பிடித்தது. கரடி மார்பில் அடித்துக்கொண்டது. குரங்கும் அடித்துக்கொண்டது. கரடிக்குக் கண் பிதுங்கியது. குரங்கு இன்னும் பெரிதாகப் பிதுக்கியது.

“பிரமாதம்! இன்னொரு தடவை பண்ணு மச்சான்!” என்று கத்தியது குரங்கு.

கரடியால் பேச முடியவில்லை. உதடு வீங்கிவிட்டது.

நடந்தது இதுதான். இந்தக் கரடிக்கு நிலக்கடலை ஆகாது. பிடிக்காது என்று இல்லை, ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். குட்டியாக இருந்தவரை அம்மாக் கரடி ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துத்தான் கொடுக்கும். இப்போது வளர்ந்தாயிற்று. “இனிமே நானே பார்த்துக்குவேன், நீ வராதே” என்று சொல்லிவிட்டு, முதன்முறையாகத் தனியே விருந்துக்கு வந்திருந்தது.

அதன் கழுத்தில் எப்போதும் ஒரு முள் தொங்கும். முள்ளம்பன்றி வைத்தியர் கொடுத்தது. முள்ளுக்குள் மருந்துச் சாறு இருக்கும். மூச்சு முட்டினால் உடனே தொடையில் குத்த வேண்டும்.

ஒருநாள் குரங்கு அதைப் பார்த்துவிட்டு, “என்னடா இது, மாப்பிள்ளைச் சங்கிலியா?” என்று கேட்டது.

“சும்மா, அழகுக்கு” என்றது கரடி.

அதோடு விட்டிருக்கலாம். இன்று வரும் வழியில் அதைக் கழற்றி, மரத்துக்குச் சற்றுத் தள்ளி, சருகுக்கடியில் ஒளித்துவைத்துவிட்டது.

விருந்து கொடுத்தது அணில். சுளை சுளையாக எடுத்து நீட்டியது.

“வெறும் பலாதானே?” என்று மெதுவாகக் கேட்டது கரடி.

“வெறும் பலாதான் அண்ணே. நானே உரிச்சது.”

அணில் பொய் சொல்லவில்லை. காலையிலிருந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த கையாலேயே பலாவையும் உரித்தது, அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று கரடி சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களாம்.

இப்போது மட்டும் சிரிக்கவில்லையா?

கரடி சருகுப் பக்கம் கையை நீட்டியது. குரங்கும் நீட்டியது. கரடி விழுந்தது. குரங்கும் விழுந்தது. குரங்கு எழுந்தது.

கரடி எழவில்லை.

“டேய்... மச்சான்?”

சிரிப்பு நின்றுபோயிற்று.

“இவன் விளையாடலைடா! கையை எங்கே காட்டினான்?” என்று அலறியது குரங்கு.

யாருக்கும் தெரியவில்லை. குரங்கு மட்டும், சற்று முன் செய்ததுபோலவே தன் கையை மறுபடி நீட்டிப் பார்த்தது. விரலுக்கு நேரே ஒரு சருகுக் குவியல். பாய்ந்து போய்க் கிளறியது.

“அந்தச் சங்கிலி! இதை வச்சு என்னடா பண்ண?”

கரடி தன் தொடையைத் தட்டியது. பழக்க தோஷம், குரங்கும் தன் தொடையைத் தட்டிக்கொண்டது. பிறகுதான் உறைத்தது. ஓடிவந்து முள்ளைக் கரடியின் தொடையில் குத்தியது.

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. அதற்குள் அணில் ஓடிப்போய் வைத்தியரை அழைத்துவந்தது.

“எழுந்திருக்காதே. மறுபடியும் வீங்கலாம். நான் இங்கேயே இருக்கேன்” என்றார் முள்ளம்பன்றி.

அணில் அழுதது. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையைக் கழுவிட்டு வந்திருப்பேனே அண்ணே!”

“நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? அழகுக்குன்னியே!” என்றது குரங்கு.

“நீ கிண்டல் பண்ணுவேன்னு நினைச்சேன்” என்றது கரடி.

“பண்ணியிருப்பேன்தான். பண்ணிட்டு, ஞாபகமும் வச்சிருப்பேன்டா.”

கரடிக்கு அப்போதுதான் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

அன்று காலையில் குகையை விட்டுக் கிளம்பும்போது அம்மாக் கரடி பின்னாலேயே வரவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னது: “சாப்பிட உட்கார்றதுக்கு முன்னாடி, பக்கத்துல இருக்கறவன்கிட்ட இந்த முள்ளைக் காட்டு. எதுக்குன்னும் சொல்லிடு.”

“சரி, சரி” என்றது கரடி.

காட்டவில்லை. சொல்லவும் இல்லை.

நீதி: உன் உயிரைப் பார்த்துக்கொள்வது உன் வேலைதான், உனக்கு எது ஆகாது என்று வாய் திறந்து சொல்வதும் அந்த வேலையில் சேர்ந்தது.