தோட்டத்துக்குத் திரும்பிய சாணம்

இந்தக் கதையின் சிரிப்பு கடைசியில்தான் இருக்கிறது. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அவசரத்தில் அதை முன்னாலேயே உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மெதுவாகவே சொல்கிறேன்.

மழை இல்லாத வருஷம். இனி காட்டில் ஒரு மரம்கூட வெட்டக் கூடாது என்று கொற்றவேல் ராஜா உத்தரவு போட்டுவிட்டார். அரண்மனை அடுப்புக்கு விறகு இல்லை.

"சாணத்தில் சமைக்கலாமே, மகாராஜா" என்றார் அரசவை விகடர் சோலையப்பர்.

தோட்ட அதிகாரி தில்லைநாயகம் குதித்தார். "வறட்டி தட்டி எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். என் செடிகளுக்கு எரு? வாங்குகிற சாணத்தை அப்படியே திருப்பித் தரட்டும்!"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "சோலையப்பரே, சோறும் வேக வேண்டும், சாணமும் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் நீர் நாட்டை விட்டே போக வேண்டும்."

"நாற்பது நாள் கொடுங்கள், மகாராஜா."

சோலையப்பர் மாட்டுக்கொட்டகை ஓரம் குழி வெட்டினார். செங்கல்லால் மூடி, உச்சியிலிருந்து சமையற்கட்டுக்கு மூங்கில் குழாய் இழுத்தார். தினமும் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்.

"என்னய்யா, சாணிக்கு மாளிகையா?" என்றார் தில்லைநாயகம்.

"இது வயிறு, ஐயா. தின்னக் கொடுத்து மூடி வைத்தால் உள்ளே காற்று உண்டாகும். அது எரியும்."

இருபதாம் நாள் பற்றவைத்தார். எரியவில்லை! அவர் மனைவி துணிமணியை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

"முதல் காற்று அப்படித்தான், பொறு" என்று அதை வெளியே விட்டுவிட்டு மறுபடி காத்திருந்தார்.

நாற்பதாம் நாள் நீலமாகப் பற்றிக்கொண்டது. சோறு வெந்தது, மொச்சைக் குழம்பு கொதித்தது. சபையிலேயே பந்தி. குறை கண்டுபிடிப்பதற்காகத் தில்லைநாயகம் மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கினார்.

பிறகு குழியின் மறுபக்கத்தைத் திறந்தார்கள். கரைசல் வழிந்தது.

"இதோ உங்கள் சாணம். செடிக்கு இதுவே நல்ல எரு" என்றார் சோலையப்பர்.

"அதிலிருந்த காற்று எங்கே? அதுவும் என் தோட்டத்துச் சொத்து! அது வராவிட்டால் இவரை நாட்டை விட்டு அனுப்பிவிடுங்கள், மகாராஜா!" என்றார் தில்லைநாயகம்.

ராஜா தாடியைத் தடவினார். சோலையப்பர் கும்பிட்டார்.

"அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்தக் காற்றில் வெந்த மொச்சை மூன்று கரண்டி, இந்த ஐயாவின் வயிற்றில் இருக்கிறது. அதுவும் குழிதானே? ஐயாவைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள்."

சொல்லி வாய் மூடவில்லை. சபையில் ஒரு சத்தம் கேட்டது. தில்லைநாயகம் விட்டத்தைப் பார்த்தார்.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கிரீடம் சரிந்தது. "சோலையப்பருக்குப் பத்துப் பசு! யோவ் தில்லைநாயகம், திருப்பித் தருகிற இடம் இதுவா? தோட்டத்துக்கு ஓடும்!"

இன்று எங்கள் வீட்டிலும் மொச்சைக் குழம்புதான். சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும். யோசித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் குழம்பை ஊற்றிவிட்டு, நான் மட்டும் மோர்ச்சோறு சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.