எரியா, ஏரியா?

முன்னொரு காலத்தில், ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காத மன்னர் ஒருவர் இருந்தார். அவர் ஊரில் இரண்டு பள்ளிகள். தலைமைப் பண்டிதர் திருமேனியாரின் பள்ளியில் நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் பாடம் ஒப்பிப்பார்கள். ஆசான் மருதனாரின் பள்ளியிலோ பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, பாடத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள், வாதாடுவார்கள். அது படிப்பா, சந்தை இரைச்சலா என்பதுதான் மன்னரின் புதுச் சந்தேகம்.

பண்டிதருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்தது போலாயிற்று. மருதனாரையும், அவருக்குப் பரிந்து பேசும் விகடகவி பூதநாதனையும் ஒரே கல்லில் வீழ்த்தலாமே. இரு பள்ளிக்கும் ஒரே ஓலையைக் கொடுத்து மறுநாள் சபையில் கேட்கலாம், பூதநாதனே தீர்ப்புச் சொல்லட்டும், ஓலையில் உள்ளதை மாற்றிச் சொல்லும் பள்ளியை மூடிவிடலாம் என்றார். மன்னர் தலையசைத்தார். பூதநாதன் தப்ப வழி தேடத் தொடங்கினான். நண்பரின் பள்ளியைத் தன் வாயாலேயே மூட வேண்டி வருமே.

மறுநாள் பண்டிதரின் பிள்ளைகள் பிசகாமல் ஒப்பித்தார்கள்: "விடியலில் எரியில் மூழ்கு, மேனிச் சொறி தீரும்." பண்டிதர் முழங்கையைச் சொறிந்துகொண்டே மீசையை முறுக்கினார்.

மருதனாரின் பிள்ளைகள் சொன்னது வேறு. ஓலை கிழிந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் எகரத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளியை வைப்பதில்லை; அதனால் ஓலையில் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். எரி என்றால் நெருப்பாயிற்றே, அதில் மூழ்கினால் தீர்வது சொறியா ஆளா என்று ஒரு சிறுமி கேட்டாளாம். அரை நாள் சண்டை போட்டு, அது ஏரிதான் என்று முடிவுகட்டினார்களாம்.

"பாடத்தையே மாற்றிவிட்டார்கள். தீர்ப்பைச் சொல்லும்" என்றார் பண்டிதர்.

"பண்டிதர் பாடமே சரி" என்றான் பூதநாதன். மருதனாரின் முகம் செத்துப்போயிற்று. "மன்னர் பெருமானே, சரியான பாடத்தை வீணாக்கலாமா? பண்டிதருக்கும் நெடுநாளாகச் சொறி. நாளை விடியலுக்கு முற்றத்தில் விறகு அடுக்கச் சொல்லுங்கள்."

மன்னர் மெய்யாகவே விறகுக்கு ஆள் அனுப்பினார். பண்டிதர் பதறிப்போய் மன்னர் முன் ஓடிவந்தார்.

"பிரபு, சற்றுப் பொறுக்க வேண்டும். அது... ஏரியாகவும் இருக்கலாம். கொஞ்சம் கலந்து பேசிப் பார்ப்போம்."

"பேசலாம், பண்டிதரே. பிள்ளைகளின் வட்டத்தில் இடம் இருக்கிறது, உட்காருங்கள்" என்றான் பூதநாதன்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு பள்ளியும் இருக்கட்டும், காலையில் ஒப்பிக்கட்டும், மாலையில் பேசட்டும் என்று ஆணையிட்டு, பூதநாதனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். பிறகு இரண்டு வேளைச் சோற்றையும் ஒரே மூச்சில் சாப்பிட்டார்.

மறுநாள் விடியலில் பண்டிதர் தோளில் துண்டோடு ஏரிக்குப் போனதை ஊரே பார்த்தது.