நாற்பது உடைசல்

வெண்மணல் நாட்டை முன்னொரு காலத்தில் மாவண்ணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு கோபம்.

ஒருநாள் கண்ணாடி பார்த்து மீசை முறுக்கும்போது அவனுக்குச் சுருக்கென்றது. “மணல் நம்முடையது. வண்டி வண்டியாய் வேங்கைநாட்டான் அள்ளிப்போகிறான். அதையே உருக்கிக் கண்ணாடியாக்கி நம் தலையிலேயே கட்டுகிறான். நமக்கு மூளை இல்லையா?”

“இருக்கிறது அரசே. அதற்கு வேலைதான் இல்லை” என்றாள் அமைச்சர் ஆதிரை.

உடனே ஆராய்ச்சிச் சாலை எழும்பியது. ஆதிரையின் பேச்சு எடுபட்டதில் அவைப்பெரியவர் விடங்கருக்கு வயிற்றெரிச்சல். “மன்னா, ஆராய்கிறவர்களுக்குச் சோறு போட்டால் போதுமா? வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்து, மூன்று முறைக்கு மேல் தோற்றவனை நாடு கடத்த வேண்டும். அப்போதுதான் ஒழுங்காக வேலை நடக்கும்” என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டான். ஆதிரை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்; அவன் காதில் ஏறவில்லை.

வருஷம் முடிந்தது. மணல் வாங்க வந்த வேங்கைநாட்டுத் தூதனும் சபையில் இருந்தான். விடங்கர் சாலையின் சாதனைகளை முழங்கினார்: “தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும். தீ சுடும். சூரியன் கிழக்கே உதிக்கும். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சோதித்தாயிற்று! ஒருவர்கூடத் தோற்கவில்லை. குமிழன் என்ற குயவன் மட்டும் கண்ணாடி செய்கிறேன் என்று நாற்பது முறை தோற்றான்.”

குமிழன் தலைகுனிந்து நின்றான். வெளியே நிறைமாதக் கர்ப்பிணியான அவன் மனைவி காத்திருந்தாள்.

“இன்றே எல்லையைத் தாண்டட்டும்!” என்றான் ராஜா.

ஆதிரை முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். “நியாயம் அரசே. அவன் உடைசலும் இங்கே எதற்கு? எதை எவ்வளவு கலந்தான், எத்தனை நாழிகை சுட்டான் என்று கிறுக்கிய ஓலைகள் வேறு. எல்லாம் குப்பை. தூதரே, போகிற வழியில் கொட்டிவிடுகிறீர்களா?”

கொண்டுவந்து வைத்த கூடையிலிருந்து தூதன் அலட்சியமாக ஓர் ஓலையைப் பிரித்தான். இன்னொன்றைப் பிரித்தான். ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நெற்றி வியர்த்துவிட்டது.

“கொட்டுவானேன்? நானே எடுத்துக்கொள்கிறேன். நூறு குதிரை தருகிறேன். அந்தக் குயவனையும் கொடுத்தால் இருநூறு!”

சபை வாயைப் பிளந்தது.

“குப்பைக்கா குதிரை?” என்றாள் ஆதிரை.

“குப்பையா? இந்த நாற்பதும் ஆகாது என்று கண்டுபிடிக்க எங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்றே! இன்னும் நாலு அடி வைத்தால் இவன்...” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராஜா மெல்ல எழுந்தான். “சரி தூதரே, சூரியன் கிழக்கே உதிக்கும் என்ற கண்டுபிடிப்புக்கு எத்தனை குதிரை?”

“மன்னிக்க வேண்டும் மன்னா. எங்கள் ஊரிலும் அங்கேதான் உதிக்கிறது.”

சபை சிரித்த சிரிப்பில் விடங்கருடைய தலைப்பாகை குனிந்தது.

அன்றே அந்தச் சட்டம் ஒழிந்தது. குமிழனுக்குப் பெரிய உலை, பத்து வருஷத்துக்கு விறகு, சோறு. ஆதிரைக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். விடங்கருக்கும் பதவி கிடைத்தது: உலைக்குத் துருத்தி ஊதி, தோல்விகளை ஒன்றுவிடாமல் எழுதும் பதவி!

கண்ணாடி வந்தது மூன்றாம் வருஷத்தில். ஆனால் துருத்தி ஊதப் போன முதல் நாளே விடங்கர் அலறிக்கொண்டு ஆதிரையிடம் ஓடிவந்தார். “அம்மா, தாடி பொசுங்கிப்போச்சு!”

ஆதிரை ஓலையையும் எழுத்தாணியையும் நீட்டினாள். “எத்தனை சாண் தூரத்தில் நின்றீர்கள்? எழுதுங்கள்.”